பெல் அடித்த பிறகு: எல்லையோரத் தமிழ்ப் பிள்ளைகள் கல்லூரி பற்றி அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஓர் அக்ஷயா சென்டரில் (அரசின் ஆன்லைன் சேவை மையம்) வேலை பார்க்கிறேன். பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் காலிகட் யூனிவர்சிட்டிக்கு டிகிரி அப்ளிகேஷன் போட வடகரப்பதி, எருத்தேம்பதி, பெருமாட்டி, முதலமடை என்று நாலா பக்கமிருந்தும் பிள்ளைகள் வருவார்கள். பாதிப் பேர் தமிழ் மீடியம். வீட்டிலிருந்து முதன்முதலாகக் கல்லூரி வாசல் மிதிப்பவர்கள். அப்ளிகேஷன் பத்து நிமிஷத்தில் முடிந்துவிடும். அதற்கப்புறம் நின்றுகொண்டே கேட்கிற சந்தேகங்கள் அரைமணி நேரம் போகும். சேர்ந்த பிறகும் ஸ்காலர்ஷிப், சர்டிபிகேட் என்று வரும்போதெல்லாம் கேட்பார்கள். பெரும்பாலும் பாடத்தைப் பற்றி இல்லை, பாடத்துக்கு வெளியே நடப்பதைப் பற்றித்தான்.

நானும் அப்படிப் போனவள்தான். முதல் ஒன்றரை வருஷம் கடைசி பெல் அடித்ததும் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். கல்லூரியில் ஒரு மரத்தடி, ஒரு மேடை, ஒரு கூட்டம் எனக்குத் தெரியாது. அந்த ஒன்றரை வருஷம் போனது இன்றும் மனசில் உறுத்துகிறது. இந்தப் பிள்ளைகளுக்கும் அப்படிப் போகக் கூடாதென்றுதான் எழுதி வைக்கிறேன். கேள்விகள் அவரவர் கேட்ட மாதிரியே இருக்கின்றன.

காலேஜ்ல சேர்ந்தாச்சுங்கக்கா. கிளாஸ் தவிர அங்க வேற என்ன இருக்குது?

நிறைய இருக்கிறது. ஆனால் யாரும் உட்காரவைத்துச் சொல்லித்தர மாட்டார்கள். அரசுக் கல்லூரியானாலும் எய்டட் கல்லூரியானாலும் பொதுவாக இருப்பவை என்.எஸ்.எஸ். (நாட்டு நலப்பணித் திட்டம்), மாணவர் யூனியன், துறைக்கொரு அசோசியேஷன், ஆர்ட்ஸ் டே, ஸ்போர்ட்ஸ் டே, கல்லூரி மகசின். பல இடங்களில் என்.சி.சி.யும் (தேசிய மாணவர் படை) உண்டு. சுற்றுச்சூழல் வேலைக்கு பூமித்ரசேனை, சொந்தத் தொழில் எண்ணம் உள்ளவர்களுக்கு இ.டி. கிளப், சினிமா பார்த்துப் பேச ஃபிலிம் கிளப், படுக்கையில் கிடக்கும் நோயாளிகளைப் பார்க்கப் போகும் பாலியேட்டிவ் குழு என்று கல்லூரிக்குக் கல்லூரி மாறும்.

கல்லூரிக் கல்வித் துறை நடத்தும் இரண்டு திட்டங்களைத் தனியாகச் சொல்கிறேன், நம் பிள்ளைகள் அதிகம் விட்டுவிடுவது அவற்றைத்தான். 'வாக் வித் எ ஸ்காலர்' நன்றாகப் படிக்கிறவர்களுக்கு வழிகாட்டி ஆசிரியரைக் கொடுத்து மேற்படிப்புக்குத் தயார் செய்கிறது. 'ஸ்காலர் சப்போர்ட் புரோகிராம்' ஒரு பாடத்தில் பின்தங்கியவர்களுக்குக் கூடுதல் வகுப்பு. இரண்டாவதில் பெயர் கொடுப்பது அவமானம் இல்லை. தமிழ் மீடியத்திலிருந்து வந்து ஆங்கிலத்தில் பொருளாதாரமோ வேதியியலோ படிக்கிறவர்களுக்கு அது பெரிய கைத்தாங்கல்.

இதுலயெல்லாம் போனா படிப்பு கெட்டுப்போகாதுங்களா?

அளவு தெரியாமல் போனால் கெடும். ஒன்றில் முழுசாக இருந்து இன்னொன்றில் எட்டிப்பார்த்தால் கெடாது. அட்டெண்டன்ஸ் 75 சதவீதம் வேண்டும். மாணவிகளுக்கு மாதவிடாய் நாள்களைக் கணக்கில் எடுத்து 73 சதவீதம் போதும் என்று 2023 ஜனவரியில் கேரள அரசு எல்லாப் பல்கலைக்கழகங்களுக்கும் கொண்டுவந்தது. இது நிறையப் பெண்களுக்கு இன்னும் தெரியாது.

என்.எஸ்.எஸ்., என்.சி.சி., ஸ்போர்ட்ஸ், கலோத்சவம் (கலைவிழாப் போட்டி) என்று கல்லூரி சார்பாகப் போகும் நாளுக்கு அட்டெண்டன்ஸ் வாங்கலாம். ஆனால் தானாக வராது. பொறுப்பு ஆசிரியரிடம் எழுத்து வாங்கி டியூட்டரிடமோ ஹெச்.ஓ.டி.யிடமோ அந்த வாரமே கொடுக்க வேண்டும். செமஸ்டர் கடைசியில் பழைய நாள்களுக்கெல்லாம் சேர்த்துக் கேட்டு அலைந்த பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். இவற்றுக்குக் கொடுக்கிற கூடுதல் மதிப்பெண்ணான கிரேஸ் மார்க்கும் அப்படித்தான், சர்குலரில் உள்ள தேதிக்குள் விண்ணப்பம் போட்டவர்களுக்குத்தான்.

எனக்கு மலையாளம் எழுதப் படிக்க வராது. பேசினாலும் தமிழ்தான் வருது. நான் போய் என்னங்கக்கா பண்றது?

அதிகம் பேர் கேட்டது இந்தக் கேள்வி. பெரும்பாலும் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்பார்கள்.

முதலில் ஒன்று. நீங்கள் அங்கே விருந்தாளி இல்லை. தமிழும் கன்னடமும் கேரளத்தின் சிறுபான்மை மொழிகள். மொழிச் சிறுபான்மையினர் வாழும் பகுதிகளில் அவர்கள் அரசு அலுவலகத்துக்குத் தங்கள் மொழியிலேயே எழுதலாம் என்று 1969-ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டமே இடம் கொடுக்கிறது. 1947-இல் தொடங்கிய சித்தூர் அரசுக் கல்லூரியில் தமிழுக்கென்றே ஒரு துறை இருக்கிறது. தமிழ் பேசிக்கொண்டு இந்த மாநிலத்தின் கல்லூரிக்குள் நடப்பவர்களில் நீங்கள் முதல் ஆள் இல்லை, ரொம்பக் காலமாக நடக்கிறோம்.

இனி நடைமுறை. நம் காது மலையாளத்துக்குச் சின்ன வயசிலிருந்தே பழகியிருக்கிறது, வாய்தான் பழகவில்லை. "கொறச்சு பதுக்கெ பறயாமோ?" (கொஞ்சம் மெதுவாகச் சொல்லலாமா?) என்று ஒரு தடவை கேட்டால் போதும், யாரும் முகம் சுளித்ததாக எனக்கு நினைவில்லை. வெள்ளம் என்றால் குடிக்கிற தண்ணீர், சம்சாரம் என்றால் பேச்சு என்று பத்து இருபது சொற்களில்தான் தடுமாற்றம் வரும். எழுத்துக்கு பஸ் போர்டில் தொடங்குங்கள். ழவும் றவும் அவர்களிடமும் உண்டு. நமக்குப் புதுசு க, ச, ட, த, ப வரிசையில் வரும் நாலு நாலு எழுத்துகள்தான். தினமும் பேப்பரின் தலைப்புச் செய்தியை மட்டும் எழுத்துக்கூட்டிப் படித்தால் ஓணம் வருவதற்குள் நோட்டீஸ் போர்டு படிக்க வந்துவிடும். நான் அப்படித்தான் கற்றேன், ஆனால் இரண்டாம் வருஷத்தில். நீங்கள் முதல் வாரத்திலேயே தொடங்குங்கள்.

மொழி சரியாக வந்த பிறகு போகலாம் என்று காத்திருக்காதீர்கள். போனால்தான் மொழி வரும்.

என்.எஸ்.எஸ்.னா ரோடு கூட்டச் சொல்வாங்களாமே?

கூட்டுவோம். அதில் என்ன குறை? ஆனால் அது மட்டும் இல்லை. காந்தி நூற்றாண்டான 1969-இல், செப்டம்பர் 24 அன்று 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கிய திட்டம் இது. இரண்டு வருஷத்தில் 240 மணி நேரம் சேவை, கூடவே ஏழு நாள் சிறப்பு முகாம் ஒன்று. இரண்டும் முடித்தால் சர்டிபிகேட். வருஷத்துக்கு 120 மணி என்றால் மலைப்பாகத் தெரியும், வாரத்துக்கு இரண்டரை மணிக்கும் குறைவுதான். பிளட் டொனேஷன் கேம்ப் நடத்துவது, பள்ளிக்கூடத்துக்குப் பெயின்ட் அடிப்பது, வீடு வீடாகக் கணக்கெடுப்பது எல்லாம் இதில் வரும். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் கேரளம் முழுக்க நிவாரணச் சாமான்களைப் பிரித்துக் கட்டி லாரி ஏற்றிய கைகளில் மாணவர் கைகள் எத்தனையோ.

எனக்கு எல்லாம் மாறியது அந்த ஏழு நாள் முகாமில்தான். ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கினோம். காலையில் வாய்க்கால் தூர் வாருவது, மத்தியானம் சர்வே, ராத்திரி கலை நிகழ்ச்சி. சமையலும் முறைவைத்து நாங்களேதான். கஞ்சியும் பயறும் நூறு தரம் சாப்பிட்டிருப்பேன், அந்த வாரத்தின் ருசி வேறு. மூன்றாம் நாள் ராத்திரி என் முறை வந்தது. மலையாளப் பாட்டு தெரியாது. எங்கள் ஊர் மாரியம்மன் நோம்பியில் பாடுகிற கும்மிப்பாட்டைப் பாடினேன். அடுத்த நாலு ராத்திரியும் அதையே கேட்டார்கள், கடைசி நாள் எல்லோரும் சுற்றி நின்று கை தட்டி ஆடினார்கள். ஒன்றரை வருஷமாக என் பெயர் தெரியாத கல்லூரியில் அதன் பிறகு என் பெயர் தெரியாதவர்கள் குறைந்துபோனார்கள்.

என்.சி.சி., என்.எஸ்.எஸ். ரெண்டுல எது நல்லது?

போலீஸ், ராணுவம், வனத்துறை என்று சீருடை வேலையில் ஆசை இருந்தால் என்.சி.சி. இரண்டு வருஷத்தில் 'பி' சர்டிபிகேட் பரீட்சை, மூன்றாம் வருஷம் 'சி'. 'சி'யில் குறைந்தது பி கிரேடு, டிகிரியில் 50 சதவீதம் இருந்தால், எழுத்துத் தேர்வு இல்லாமலே ராணுவ அதிகாரி பணிக்கான எஸ்.எஸ்.பி. நேர்முகத்துக்குச் செல்ல 'என்.சி.சி. ஸ்பெஷல் என்ட்ரி' என்று ஒரு வழி உண்டு. பெண்களுக்கும் உண்டு. நம் பக்கத்துப் பெண் பிள்ளைகள் இதைக் கேட்டதும் நிமிர்ந்து உட்காருவார்கள்.

என்.சி.சி.க்கு முதல் வருஷத்திலேயே செலக்‌ஷன் நடக்கும், ஓட்டமும் உயரமும் பார்ப்பார்கள். தவறவிட்டால் திரும்பச் சேர்வது கஷ்டம். என்.எஸ்.எஸ். அவ்வளவு கறார் இல்லை. ஊருக்குள் இறங்கி வேலை செய்யப் பிடித்தால் அதுதான் சரி.

எங்க ஊருக்குச் சாயங்காலம் ஒரே பஸ்ஸுதான். அதை விட்டா அப்பா பைக் எடுத்துட்டு வரணும். நான் எப்படிங்க இருக்க முடியும்?

வேலந்தாவளம், மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம் பக்கமிருந்து வருகிறவர்களின் உண்மையான தடை இதுதான். மனசு இல்லாமல் இல்லை, பஸ் இல்லை. சாக்குச் சொல்கிறாய் என்று யாராவது சொன்னால் அவர்களுக்கு நம் ரூட் தெரியாது.

எனக்குக் கைகொடுத்த வழிகள் இவை. மத்தியான இடைவேளையில் நடக்கிற வேலைகளைத் தேர்ந்தெடுங்கள். மகசின் குழு, துறை அசோசியேஷன், குவிஸ் கிளப் கூட்டங்கள் பெரும்பாலும் சாப்பாட்டு நேரத்தில்தான். என்.எஸ்.எஸ். வேலை சனி, ஞாயிறு பகலில் அதிகம். ஒரே ரூட்டில் வருகிற மூன்று நாலு பேர் சேர்ந்து ஒரே குழுவில் சேருங்கள். தாமதமானால் ஒரு வண்டிக்கு நாலு பேர் என்றால் செலவும் பயமும் குறையும். ரிகர்சல் நாள்களில் கல்லூரிக்குப் பக்கத்தில் வீடுள்ள தோழியின் வீட்டில் தங்கலாம், ஆனால் அவள் அம்மாவும் உங்கள் அம்மாவும் முதலில் போனில் பேசட்டும்.

பொறுப்பு ஆசிரியரிடம் பஸ் நேரத்தை முதல் நாளே சொல்லிவிடுங்கள். "டீச்சர், அஞ்சே காலுக்கு மேல என்னால நிக்க முடியாது, ஆனா காலையில எட்டரைக்கே வந்துருவேன்." இப்படித் தெளிவாகச் சொன்னவளுக்குக் காலை வேலை கொடுப்பார்கள். சொல்லாமல் பாதியில் ஓடினால் அக்கறை இல்லாத பெண் என்று நினைத்துக்கொள்வார்கள். எனக்கு அப்படி ஒரு பெயர் கொஞ்ச நாள் இருந்தது.

சேர்ந்த முதல் வாரத்துலயே பத்து வாட்ஸ்அப் குரூப்ல சேர்த்துட்டாங்க. எல்லாத்துலயும் இருக்கணுமா?

வேண்டாம். ஒரு மாதம் எல்லாவற்றையும் பாருங்கள். அப்புறம் ஒன்றில் வேலை செய்யுங்கள், ஒன்றில் பார்வையாளராக இருங்கள், மீதியை விட்டு வெளியே வாருங்கள்.

ஆர்ட்ஸ் டேல ஒப்பன, மார்கம்களி, திருவாதிரக்களின்னு எல்லாம் அவங்க கலை. நமக்கு அங்க என்ன இருக்குது?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்ல ஆசை. தோல்பாவைக்கூத்து பார்த்திருக்கிறீர்களா? பாலக்காடு மாவட்டத்தின் பகவதி கோயில்களில், கூத்துமாடத்தில், விளக்கு வரிசைக்கு முன்னால் தோல் பொம்மைகளின் நிழல் ஆடும். அங்கே பாடுவது கம்பராமாயணம். கேரளத்துக் கோயிலில், மலையாளக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக, கம்பனின் தமிழ்ப் பாட்டைப் பாடிப் பொருள் சொல்கிறார்கள். அந்தக் கலைக்காக ஷொர்ணூர்ப் பக்கத்து ராமச்சந்திரப் புலவருக்கு 2021-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. பாலக்காட்டு ஊர்களில் ஆடுகிற கண்யார்களியிலும் தமிழ் கலந்த பாட்டுகள் வரும். 'அவங்க கலை', 'நம்ம கலை' என்கிற கோடு நாம் நினைக்கிற இடத்தில் இல்லை.

அதனால் கும்மி, ஒயிலாட்டம், பறை எது தெரிந்தாலும் ஆர்ட்ஸ் டேக்குப் பெயர் கொடுங்கள். பள்ளிக் கலோத்சவத்தில் தமிழ்ப் பத்யம் சொல்லலில் (செய்யுள் ஒப்பித்தல்) மேடை ஏறினவர்கள் நம்மில் எத்தனை பேர்! கல்லூரிக்கு வந்ததும் அந்தக் குரல் எங்கே போகிறது? திருவாதிரக்களிக்கு ஆள் எடுக்கும்போதும் போய் நில்லுங்கள். தாளம் பிடிக்கத் தெரிந்தால் போதும், மற்றதைக் கற்றுத்தருவார்கள்.

மேடை வேண்டாம் என்றால் ஆஃப் ஸ்டேஜ் போட்டிகள் இருக்கின்றன. கட்டுரை, கவிதை, கார்ட்டூன், போஸ்டர், குவிஸ் எல்லாம். எந்தெந்த மொழியில் என்று அந்த வருஷத்து மேனுவலில் இருக்கும், ஃபைன் ஆர்ட்ஸ் செக்ரட்டரியிடம் வாங்கிப் பாருங்கள். கல்லூரியில் ஜெயித்தால் ஸோன், அதாவது மாவட்ட அளவிலான போட்டி. காலிகட் யூனிவர்சிட்டியில் பாலக்காடு ஏ ஸோன், கோழிக்கோடு பி, மலப்புறம் சி, திருச்சூர் டி, வயநாடு எஃப். அதிலும் ஜெயித்தால் இன்டர்ஸோன். ஒன்றுமே வராதவர்களுக்கும் வேலை உண்டு. மேக்கப் பெட்டி தூக்க, சவுண்ட் பார்க்க, தண்ணீர் கொடுக்க ஆள் இல்லாமல் எந்த டீமும் ஏறியதில்லை.

தமிழ்ல எழுதினா மகசின்ல போடுவாங்களா?

கேட்டால் போடுவார்கள். மகசினுக்கு மாணவர்களே தேர்ந்தெடுக்கிற ஸ்டூடன்ட் எடிட்டர் உண்டு, கூட ஓர் ஆசிரியர் இருப்பார். படைப்பு கேட்டு நோட்டீஸ் வந்த உடனே போய் "தமிழ்ப் பக்கம் இருக்கா?" என்று கேளுங்கள். இல்லையென்றால் நாலைந்து பேருடைய எழுத்தைச் சேர்த்துக் கொடுங்கள், பக்கம் பிறந்துவிடும். டைப் செய்து, பிழை பார்த்துக் கொடுக்க வேண்டும். அச்சகத்தில் தமிழ் தெரிந்தவர் இருக்க மாட்டார், கொம்பு மாறி கால் மாறி வரும். புரூஃப் பார்க்க நானே வருகிறேன் என்று சொல்லிவிடுங்கள்.

யூனியன் எலக்‌ஷன்ல தமிழ்ப் பிள்ளைங்க நிக்கலாமா?

ஏன் நிற்கக் கூடாது? எந்த விதியிலும் மொழி இல்லை. விதிகள் மாணவர் தேர்தலுக்கென்று அமைத்த லிங்தோ கமிட்டி பரிந்துரைத்தவை, 2006 செப்டம்பரில் உச்சநீதிமன்றம் நடைமுறைப்படுத்தச் சொன்னவை. டிகிரி மாணவருக்கு வயது 17 முதல் 22 வரை. அந்த வருஷம் அரியர் இருக்கக் கூடாது. முதல் கேள்விகளில் சொன்ன அட்டெண்டன்ஸ் இங்கேயும் வேலை செய்யும். செலவு 5,000 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது, அச்சடித்த போஸ்டர் கூடாது, கையால் எழுதியதுதான். சேர்மன், செக்ரட்டரி போன்ற பதவிக்கு ஒரே தடவைதான் நிற்கலாம், கமிட்டி உறுப்பினராக இரண்டு தடவை.

சில கல்லூரிகளில் எல்லோரும் நேரடியாகச் சேர்மனுக்கு ஓட்டுப் போடுவார்கள். சிலவற்றில் முதலில் வகுப்புப் பிரதிநிதிகள், அவர்கள் கூடி மற்றவர்களைத் தேர்ந்தெடுப்பார்கள். யு.யு.சி. என்கிற பதவிக்கு ஜெயிப்பவர் பல்கலைக்கழக யூனியனுக்குப் போகும் பிரதிநிதி. நம் பிள்ளைகளுக்கு நான் சொல்வது, வகுப்புப் பிரதிநிதியில் தொடங்குங்கள் அல்லது துறை அசோசியேஷன் செக்ரட்டரிக்கு நில்லுங்கள். கூட படிக்கிற அறுபது பேருக்கு உங்களைத் தெரிந்தால் மொழி ஒரு பொருட்டே இல்லை. வகுப்பு வகுப்பாகப் போய்ப் பேசும்போது பேச்சைத் தமிழும் மலையாளமும் கலந்தே பேசுங்கள். எழுதிவைத்து மனப்பாடம் செய்த மலையாளத்தைவிட அது நெஞ்சில் இறங்கும்.

கட்சியில சேராம இருக்க முடியுங்களா? சேட்டன்மாரு தினமும் வந்து கேக்கறாங்க.

முடியும். கேரளத்துக் கல்லூரியில் மாணவர் அமைப்புகள் வலுவானவை. கே.எஸ்.யு. 1957-இலும் எஸ்.எஃப்.ஐ. 1970-இலும் இந்த மண்ணில் தொடங்கியவை, ஏ.பி.வி.பி., எம்.எஸ்.எஃப்., ஏ.ஐ.எஸ்.எஃப். என்று இன்னும் பல. அட்மிஷன் நாளில் ஃபாரம் நிரப்ப, ஹாஸ்டல் காட்ட அவர்கள்தான் ஓடிவருவார்கள். அந்த உதவிக்கு நன்றி சொல்லுங்கள், உதவி வாங்கியதற்காக மெம்பர்ஷிப் எழுத வேண்டியதில்லை. "யோசிச்சுச் சொல்றேன் சேட்டா (அண்ணா)" என்றால் அடுத்த வாரமும் வருவார்கள். "இந்த வருஷம் எதிலும் சேரலை" என்று சிரித்துக்கொண்டே தெளிவாகச் சொல்லிவிடுவது நல்லது.

அரசியலே வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். பிடித்த கருத்து இருந்தால், ஒரு வருஷம் எல்லா அமைப்பின் கூட்டத்தையும் ஓரமாக நின்று கேட்டுவிட்டுச் சேருங்கள். கல்லூரிக் குடிநீருக்கும் பஸ் சலுகைக்கும் பேசுகிறவர்கள் யார் என்று அதற்குள் தெரிந்துவிடும்.

சமரம்னு சொல்லி கிளாஸ்ல இருந்து எழுப்பிவிடறாங்க. வெளிய போகலைன்னா பிரச்சினை ஆகுமா?

சமரம் என்றால் மலையாளத்தில் போராட்டம். வகுப்பைப் புறக்கணிக்கிற படிப்புமுடக்கு அன்று பெரும்பாலும் வகுப்பே நடக்காது. ஆசிரியர் வகுப்பு எடுத்தால் உட்காருங்கள், அவர் நிறுத்தினால் எழுந்து லைப்ரரிக்குப் போங்கள். வாக்குவாதம் வேண்டாம், கும்பலுக்கு நடுவிலும் நிற்க வேண்டாம். கோரிக்கை என்னவென்று நோட்டீஸை வாங்கிப் படியுங்கள், நமக்கும் சேர்த்துக் கேட்பதாக இருக்கலாம். இரண்டு அமைப்புகளுக்குள் கைகலப்பு தொடங்கினால் வேடிக்கை பார்க்காமல் கேட்டுக்கு வெளியே வந்து பஸ் ஏறுங்கள். இந்த ஒரு விஷயத்தில் மட்டும், முதல் பஸ்ஸுக்கு ஓடுவதை நானே சொல்கிறேன்.

என்னை 'பாண்டி'ன்னு கூப்பிடறாங்கக்கா. சிரிச்சுட்டுப் போயிரணுமா?

தமிழர்களைக் கேலியாகக் குறிக்கிற சொல் அது. வலிக்கும். எனக்கும் வலித்தது. நெருங்கின தோழி விளையாட்டாகச் சொன்னால், தனியாக அழைத்து "அந்தப் பேரு எனக்குப் பிடிக்கலை" என்று ஒரு தடவை சொல்லுங்கள். அநேகமாக அதோடு நின்றுவிடும். அது வசைச்சொல் என்றே தெரியாமல் சொல்கிறவர்கள் உண்டு.

சீனியர்கள் கூடி நின்று பேச்சை, நிறத்தை, ஊரை வைத்துத் திரும்பத் திரும்பக் கேலி செய்தால் அது ராகிங். யு.ஜி.சி.யின் 2009 விதிகளில் 2016-இல் சேர்த்த திருத்தம், ஒருவருடைய நிறம், சாதி, தோற்றம், பிறந்த ஊர், மொழி அடையாளம் இவற்றை வைத்து மனசாலோ உடலாலோ துன்புறுத்துவதும் ராகிங்தான் என்று சொல்கிறது. கேரளத்தின் 1998 ராகிங் தடைச் சட்டப்படி இரண்டு வருஷம் வரை சிறையும் 10,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. தண்டனை பெற்ற மாணவர் நீக்கப்படுவார், மூன்று வருஷம் வேறு கல்லூரியிலும் சேர முடியாது. புகார் வந்தால் ஏழு நாளுக்குள் கல்லூரித் தலைவர் விசாரிக்க வேண்டும்.

புகாரை எழுதிக் கொடுங்கள், தேதி போட்டு நகல் வைத்துக்கொள்ளுங்கள். தமிழில் எழுதத்தான் வரும் என்றால் தமிழில் எழுதி எடுத்து வாருங்கள், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன். ராத்திரி பகல் எந்நேரமும் எடுக்கிற யு.ஜி.சி. உதவி எண் 1800-180-5522. கூப்பிட்டுப் பேசத் தயங்காதீர்கள். சிரித்துவிட்டுப் போக வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை.

ஏம் கண்ணு, பொட்டப் புள்ளைய ஏழு நாள் கேம்ப்புக்கு அனுப்பறது சரியா வருமா?

அப்பா அம்மாக்கள் கேட்பது. அண்ணா, உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. என் அப்பாவும் முதலில் விடவில்லை. முகாமை நடத்துவது மாணவர்கள் இல்லை, புரோகிராம் ஆபீசர் என்கிற ஆசிரியர். பெண் ஆசிரியர் கூடத் தங்குகிறாரா, பெண்கள் தூங்குகிற இடம் தனியா, பாத்ரூம் எப்படி, பக்கத்தில் ஆஸ்பத்திரி எது என்று அவரிடமே போனில் கேளுங்கள். கேட்பதில் தப்பே இல்லை, நல்ல ஆபீசர் தானே எல்லாம் சொல்வார். பதில் மழுப்பலாக இருந்தால் அனுப்ப வேண்டாம், அடுத்த வருஷம் பார்க்கலாம்.

முடிந்தால் ஒரு நாள் நீங்களே முகாமுக்குப் போய்ப் பாருங்கள். என் அப்பா ஐந்தாம் நாள் கொய்யாப்பழம் ஒரு பையில் எடுத்துக்கொண்டு வந்தார். நாங்கள் மண்வெட்டி பிடித்து நிற்பதைப் பார்த்துவிட்டு, பிடி பிடிக்கத் தெரியவில்லை என்று சொல்லித்தந்துவிட்டுப் போனார். அதற்கப்புறம் என்னை எங்கே போகவும் தடுக்கவில்லை.

இதுக்கெல்லாம் காசு செலவாகுமா?

என்.எஸ்.எஸ்.ஸுக்குப் பஸ் காசு போதும். என்.சி.சி. சீருடை கொடுப்பார்கள். செலவு வைப்பது டான்ஸ் உடைதான், வாடகையும் மேக்கப்பும் சேர்ந்தால் கூலி வேலைக்குப் போகிற வீட்டுக்குத் தாங்காது. யூனியனிலிருந்து உடைக்குப் பணம் உண்டா என்று பெயர் கொடுக்கும் முன்பே கேளுங்கள். ஓணத்துக்கு எல்லோரும் ஒரே நிறப் புடவை என்று வசூல் வந்தால், இருக்கிற செட்டு முண்டிலோ பாவாடை தாவணியிலோ போங்கள். பூக்களத்தில் பூ கிள்ளிப் போட உட்காரும்போது யாரும் புடவையைப் பார்ப்பதில்லை.

நான் கோயம்புத்தூர்ல சேர்ந்திருக்கேன். அங்க எலக்‌ஷனெல்லாம் இல்லையாமே?

எல்லையில் உள்ள வாளையார் தாண்டினால் அந்த வழக்கம் குறைவுதான். ஆனால் அங்கே என்.எஸ்.எஸ்., என்.சி.சி., ஸ்போர்ட்ஸ், யூத் ரெட் கிராஸ் என்று ஏதாவது ஒன்றை 'பார்ட் ஃபைவ்' என்று பாடத்திட்டத்திலேயே சேர்த்திருப்பார்கள். கட்டாயம் என்பதால் பெயருக்குக் கையெழுத்துப் போடுகிறவர்கள் அதிகம், நீங்கள் நிஜமாகவே போங்கள். அங்கே உங்களுக்கு மேடைத் தமிழும் வரும், வீட்டுப் பக்கத்து மலையாளமும் தெரியும். தொகுத்துப் பேச ஆள் தேடும்போது கையைத் தூக்குங்கள்.

இந்த சர்டிபிகேட்டெல்லாம் வேலைக்கு உதவுமா?

என்.சி.சி. 'சி'யைப் பற்றி மேலே சொன்னேன். ஸ்போர்ட்ஸ் சர்டிபிகேட் சில வேலைகளிலும் மேற்படிப்பு கோட்டாவிலும் நேரடியாகப் பயன்படும். என்.எஸ்.எஸ். சில அட்மிஷன்களில் வெயிட்டேஜ் தரும். மற்றவை ஃபைலில் இருக்கும், அவ்வளவுதான். ஆனால் நேர்முகத்தில் "என்ன செய்திருக்கிறாய்?" என்று கேட்கும்போது ஐம்பது பேருக்கு ஏழு நாள் சாப்பாட்டுக் கணக்கு எழுதியதைச் சொன்ன பிள்ளைக்குப் பேச விஷயம் இருந்தது. ஒன்றும் செய்யாமல் வாங்கிய சர்டிபிகேட்டை வைத்துக்கொண்டு இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது.

எனக்கு ரெண்டாம் வருஷம் முடியப்போகுதுங்கக்கா. இனிமே போனா என்ன நெனைப்பாங்க?

ஒன்றும் நினைக்க மாட்டார்கள். நான் போனதும் இரண்டாம் வருஷத்துப் பாதியில்தான். என்.எஸ்.எஸ். 240 மணி நேரம் இனி முழுசாக முடியாமல் போகலாம், சர்டிபிகேட் கிடைக்காமல் போகலாம். மகசினுக்கு எழுதலாம், பாலியேட்டிவ் குழுவோடு வீடு வீடாகப் போகலாம், ஆர்ட்ஸ் டேக்கு மேடை கட்டலாம். 2024-இல் தொடங்கிய நாலு வருஷ டிகிரியில் சேர்ந்தவர்களில் நாலாம் வருஷமும் தொடர்கிறவர்களுக்கு இன்னும் இரண்டு முழு வருஷம் கையில் இருக்கிறது.

நாளைக்கு மத்தியானம் சாப்பிட்டதும் நோட்டீஸ் போர்டுக்குப் போங்கள். படிக்க வராத நோட்டீஸைப் போட்டோ எடுத்து சென்டருக்குக் கொண்டு வாருங்கள், உட்கார்ந்து சேர்ந்து படிப்போம். ஞாயிறு தவிர எல்லா நாளும் ஐந்து மணி வரை இருப்பேன்.